தேனீக்களுக்கு ஒரு வீடு
ஸ்லோவேனிய விவசாயிகள் கண்ட வழி

மாட்டுத் தொழுவம், வைக்கோற் போர், தானியக் குதிர், கோழிக் கூண்டு ஆகியவை விவசாயியின் வீட்டை ஒட்டி அமைவது உலகெங்கும் வழக்கம். ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலைத் தொடரின் தென்கிழக்குக் கோடியில் உள்ள ஸ்லோவேனியா நாட்டு விவசாயிகள் இந்த வரிசையில் இன்னொன்றையும் சேர்த்தார்கள். அது தேனீக்களுக்கென்றே கட்டிய மர வீடு. இதை அவர்கள் 'செபெல்ன்யாக்' என்கிறார்கள். தேனீ வீடு என்பதே அதன் பொருள்.

நம் பகுதியில் தேனீப் பெட்டிகளைத் தோப்பிலும் வரப்போரத்திலும் தனித்தனித் தாங்கிகளின் மேல் வைக்கிறோம். அங்கேயோ இருபது, முப்பது பெட்டிகளை ஒரே கூரையின் கீழ் வரிசை வரிசையாக அடுக்கிவிடுகிறார்கள். தேனீக்கள் வீட்டின் முன்புறம் வெளியே பறந்து போய் வருகின்றன. வளர்ப்பவர் பின்புறம் அறைக்குள் நின்று வேலை செய்கிறார். மழை பெய்தாலும் அவர் நனைவதில்லை. தேனீக்கள் பறக்கும் வழியிலும் அவர் குறுக்கிடுவதில்லை.

இத்தகைய கட்டடங்கள் ஐரோப்பாவின் வேறு பல நாடுகளிலும் இருந்தன. தேனீ வளர்ப்பில் புதுவகைப் பெட்டி வந்தபோது அவற்றில் பல பயனற்றுப் போயின. ஸ்லோவேனியாவில் அப்படி நேரவில்லை. பழைய கட்டடத்தைக் கைவிடாமல் புதுமையை ஏற்றுக்கொண்டது எப்படி என்பது நாமும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி.

சிறிய நாடு, நிறையத் தேனீ

ஸ்லோவேனியாவின் பரப்பு சுமார் 20,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. மக்கள் தொகை சுமார் 21 லட்சம். இந்தச் சிறிய நாட்டில் தேனீ வளர்ப்போர் பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ளனர். அதாவது ஏறத்தாழ இருநூறு பேருக்கு ஒருவர் தேனீ வளர்க்கிறார். அவர்களில் பெரும்பாலோர் இதை மட்டுமே நம்பிப் பிழைப்பவர்கள் அல்லர். நிலம், மாடு, வேறு உத்தியோகம் ஆகியவற்றோடு இதையும் வைத்துக்கொண்டவர்கள்.

நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்கு மேல் காடு. வசந்த காலத்தில் பழமரங்கள் பூக்கின்றன. அடுத்து வேலமரத்தைப் போல் முள்ளும் வெள்ளைப் பூவும் உள்ள ரொபினியா மரம், லிண்டன் மரம், செஸ்ட்நட் மரம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பூக்கும். பைன் இனத்தைச் சேர்ந்த ஊசியிலை மரங்களில் சாறு உறிஞ்சும் பூச்சிகள் கழிக்கும் இனிப்பு நீரையும் தேனீக்கள் திரட்டிக் கருநிறத் தேனாக்குகின்றன.

கோடையின் கடைசியில் 'பக்வீட்' என்னும் பயிர் பூக்கிறது. தானியம் போல் மாவரைத்து உண்ணப்படும் விதையைத் தரும் பயிர் இது. முதல் போகத் தானியத்தை அறுத்த நிலத்தில் இரண்டாம் போகமாக விதைப்பார்கள். குளிர்காலம் நெருங்கும் வேளையில் இதன் வெள்ளைப் பூக்களில் கிடைக்கும் தேன், பழங்காலத்தில் தேனீ வளர்ப்போரின் முக்கிய வருமானமாக இருந்தது. இந்தப் பூவைத் தேடித் தேனீக்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு இரவில் பயணம் போவார்கள். தேனீப் பெட்டியின் வடிவத்தைத் தீர்மானித்ததில் இந்த வண்டிப் பயணத்துக்கும் பங்கு உண்டு.

அங்குள்ள தேனீ 'கார்னியோலத் தேனீ' எனப்படும். ஐரோப்பியத் தேனீயின் ஓர் உள்ளினம் இது. உடலில் சாம்பல் நிற மயிர் வரிகள் இருக்கும். சாதுவான குணம் உடையது. சிறு கூட்டமாகவே குளிர்காலத்தைக் கழித்துவிடும். ஆகவே அதற்குக் குறைந்த தேனே செலவாகும். பூப் பருவம் தொடங்கியதும் வெகு விரைவில் பெருகும். ஆனால் அடிக்கடி கூட்டம் பிரிந்து போகும் இயல்பும் இதற்கு உண்டு.

பெட்டியே சுவர்

பழைய காலத்தில் அங்கு வழங்கிய தேனீப் பெட்டி நீண்டு தாழ்ந்தது. நீளம் சுமார் 70 செ.மீ., அகலம் 30 செ.மீ., உயரம் 15 செ.மீ. இருக்கும். ஆறு பலகைகளை இணைத்தால் பெட்டி தயார். சட்டம் எதுவும் உள்ளே கிடையாது. தேனீக்கள் தாங்களாகவே மேற்பலகையில் அடை கட்டித் தொங்கவிடும். முன்பலகையின் அடியில் ஒரு சிறு வாயில் உண்டு. தேன் எடுக்கும்போது பின்பலகையைக் கழற்றி அடைகளை வெட்டி எடுப்பார்கள்.

செங்கல் போல் ஒரே அளவில் இருந்ததால் இப்பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்க முடிந்தது. வண்டியில் ஏற்றவும் வசதியாக இருந்தது. ஊரில் வைக்கும்போது மேலே ஒரு கூரையும் பக்கங்களில் பலகைச் சுவரும் அமைத்தார்கள். முன்புறம் தனிச் சுவர் தேவைப்படவில்லை. அடுக்கிய பெட்டிகளின் முன்பலகைகளே சுவராயின. தேனீ வீடு பிறந்த கதை இதுதான்.

வீட்டின் அமைப்பு

தேனீ வீட்டைக் கட்டும் முறையில் பல நுணுக்கங்கள் உள்ளன. முன்புறம் தெற்கு அல்லது தென்கிழக்கு நோக்கி இருக்கும். குளிர் நாடாகையால் காலை வெயில் வாயில்களில் பட்டால்தான் தேனீக்கள் நேரத்தோடு வேலைக்குப் புறப்படும். வீட்டின் பின்புறம் வடக்குக் காற்றைத் தடுக்கிறது. ஈரம் ஏறாதபடி கல் அடித்தளத்தின் மேல் மரத்தால் கட்டுவார்கள். கூரை மரச் சில்லுகளாலோ ஓட்டாலோ வேயப்படும். முன்புறம் கூரையை நன்றாக நீட்டிவிடுவார்கள். மழையும் பனியும் பெட்டிகளின் முகப்பில் விழாமல் இந்தத் தாழ்வாரம் காக்கும்.

பெட்டி வரிசைக்குப் பின்னால் ஓர் ஆள் நின்று திரும்பி வேலை செய்யும் அளவுக்கு இடம் இருக்கும். பக்கச் சுவரில் கதவும் சன்னலும் இருக்கும். வேலை செய்யும்போது பெட்டியிலிருந்து சில தேனீக்கள் அறைக்குள் வந்துவிடுவது இயல்பு. அவை வெளிச்சத்தை நாடிச் சன்னலுக்குப் போகும். அங்கே விட்டுள்ள இடைவெளி வழியே வெளியேறி மீண்டும் தம் பெட்டிக்கே திரும்பிவிடும்.

இதே அறையில் புகை போடும் கருவி, உபரிச் சட்டங்கள், மெழுகுத் தாள், தேன் எடுக்கும் இயந்திரம் எல்லாம் வைக்கலாம். தேன் எடுக்கும் நாளில் ஒவ்வொரு சாமானையும் வயலுக்குத் தூக்கிப் போக வேண்டியதில்லை. பெட்டிகள் நெருங்கி இருப்பதால் குளிர்காலத்தில் ஒன்றின் வெப்பம் மற்றொன்றுக்கும் உதவுகிறது. பெட்டிமேல் வெயிலும் மழையும் நேரடியாகப் படாததால் அவை நெடுநாள் உழைக்கின்றன. வயதானவர்களும் நிழலில் நின்று நிதானமாக வேலை பார்க்க முடிகிறது.

ஓவியர் ஆசிரியரானார்

ஸ்லோவேனியத் தேனீ வளர்ப்பைப் பற்றிப் பேசும்போது அன்டோன் யான்ஷாவை நினைக்காமல் இருக்க முடியாது. 1734-ம் ஆண்டில் கார்னியோலாவின் மலைப்பகுதியில் ப்ரெஸ்னிட்சா என்ற கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஓவியம் பயில்வதற்காகச் சகோதரர்களோடு வியன்னா நகரம் சென்றார். அப்போது அவருடைய நாடு ஆஸ்திரிய அரசி மரியா தெரசாவின் ஆட்சியில் இருந்தது. ஊரில் தகப்பனார் வளர்த்த தேனீக்களோடு பழகிய அனுபவம் யான்ஷாவுக்கு இருந்தது. ஓவியத்தைவிட அதுவே அவருக்குப் புகழ் தந்தது. 1770-ம் ஆண்டில் வியன்னாவில் தேனீ வளர்ப்பு ஆசிரியராக அரசி அவரை அமர்த்தினார்.

ஆண் தேனீக்கள் தண்ணீர் சுமப்பவை என்று பலரும் எண்ணிக்கொண்டிருந்த காலம் அது. அப்படி அல்ல, ராணித் தேனீ கூட்டுக்கு வெளியே ஆகாயத்தில் ஆண் தேனீக்களோடு கூடுகிறது என்று யான்ஷா சொன்னார். பெட்டிகளை அடுக்குவதற்கு ஏற்ற அளவில் திருத்தினார். பூக்கும் இடத்துக்குத் தேனீக்களைக் கொண்டு போக வேண்டும் என்று கற்பித்தார். கூட்டம் பிரிவது பற்றி அவர் எழுதிய நூல் 1771-ல் வெளிவந்தது. 1773-ல் வியன்னாவிலேயே காலமானார். தேனீ வளர்ப்பு முழுவதையும் பற்றிய அவருடைய நூல் 1775-ல், அவர் இறந்த பிறகு அச்சாயிற்று.

யான்ஷா புதிதாக எதையோ வானத்திலிருந்து கொண்டுவந்தவர் அல்லர். தம் ஊர் விவசாயிகள் அடுக்குப் பெட்டியிலும் தேனீ வீட்டிலும் கண்ட அனுபவத்தை உற்றுக் கவனித்துச் சீர்ப்படுத்தி, தலைநகரில் போய்ப் பாடமாக்கியவர். ப்ரெஸ்னிட்சாவில் அவர் நினைவாக ஒரு தேனீ வீடு இன்றும் பேணப்படுகிறது.

பலகையில் படம் ஏன்?

பழைய தேனீ வீட்டைப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது படங்கள்தாம். ஒவ்வொரு பெட்டியின் முன்பலகையிலும், ஓரடி அகலமும் அரை அடி உயரமும் உள்ள இடத்தில், ஒரு படம் தீட்டியிருப்பார்கள். இப்போது கிடைத்துள்ளவற்றில் மிகப் பழைய பலகையில் 1758 என்று ஆண்டு குறித்திருக்கிறது. 1820 முதல் 1880 வரை இந்த வழக்கம் உச்சத்தில் இருந்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட வகைக் காட்சிகளை ஆய்வாளர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

கன்னி மரியாள், தீயிலிருந்து வீட்டைக் காக்கும் புனித ஃபுளோரியன் போன்ற சமயப் படங்கள் ஒரு புறம். கிராமத்து நையாண்டி மறு புறம். இறந்துபோன வேட்டைக்காரனின் சவப்பெட்டியைக் காட்டு விலங்குகள் கொண்டாட்டமாகத் தூக்கிச் செல்வது ஒரு படம். சாத்தான் சாணைக்கல்லில் ஒரு பெண்ணின் நாக்கைத் தீட்டுவது இன்னொன்று. கால்சட்டைக்குச் சண்டை போடும் காட்சியும் உண்டு. இவற்றைத் தீட்டியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாத கிராமத்து ஓவியர்கள். ஆளி விதை எண்ணெயில் குழைத்த நிறங்கள் வெயிலையும் குளிரையும் நூறு ஆண்டுக்கு மேல் தாங்கி நின்றன.

இது அலங்காரம் மட்டும் அன்று. ஒரே மாதிரியான முப்பது வாயில்கள் நெருங்கி இருந்தால் தேனீ தன் வாயிலை எப்படி அறியும்? வேலைக்காரத் தேனீ வழி தவறி அடுத்த பெட்டிக்குள் நுழைந்தால் பெரிய நஷ்டம் இல்லை. சுமையோடு வந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். கூடிவிட்டுத் திரும்பும் இளம் ராணி தவறான வாயிலில் நுழைந்தால் அங்குள்ள தேனீக்கள் அதைக் கொன்றுவிடும். அதன் சொந்தக் குடும்பம் ராணியின்றி அழிந்து போகும். முன்பலகைகள் வேறு வேறு நிறத்தில் இருந்தால் இந்த ஆபத்து குறைகிறது. எந்தப் பெட்டியிலிருந்து கூட்டம் பிரிந்தது, எந்தப் பெட்டியில் தேன் எடுத்தாயிற்று என்று வளர்ப்பவர் நினைவில் வைத்துக்கொள்ளவும் படம் உதவியது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் 'வேட்டைக்காரன் பெட்டி' என்று சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் விளங்கும்.

தேனீ நிறம் அறியும் என்பதை விஞ்ஞானி கார்ல் ஃபான் ஃபிரிஷ் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோதனைகள் மூலம் நிரூபித்தார். 1973-ல் நோபல் பரிசு பெற்றவர் இவர். நீலமும் மஞ்சளும் தேனீக்கு நன்றாகத் தெரியும். சிவப்பு தெரியாது, அது கறுப்பு போலவே தோன்றும். அவர் சோதித்துக் காட்டுவதற்கு நூறாண்டுக்கு முன்பே கிராமத்தார் பலகைக்கு வண்ணம் பூசிவிட்டார்கள்.

சுவர்மாடம் தோற்ற கதை

19-ம் நூற்றாண்டின் நடுவில் தேனீ வளர்ப்பில் பெரிய மாற்றம் வந்தது. 1851-ல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்ற பாதிரியார், அடைகளுக்கு இடையில் தேனீ நடமாட விட்டுவைக்கும் இடைவெளியின் அளவைப் பெட்டி அமைப்பில் பயன்படுத்தினார். சுமார் கால் அங்குலத்துக்கு மேல், முக்கால் அங்குலத்தில் பாதி வரை உள்ள இடைவெளியைத் தேனீக்கள் மெழுகால் அடைப்பதில்லை. இந்த அளவு விட்டுச் சட்டங்களைத் தொங்கவிட்டால் அடையை வெட்டாமலே எடுத்துப் பார்க்கலாம், தேனைப் பிரித்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். இன்று உலகெங்கும் உள்ள சட்டப் பெட்டிகளுக்கு அடிப்படை இதுதான்.

இதனால் பழைய கட்டடங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதற்கு பிரிட்டன் ஓர் உதாரணம். அங்கே வைக்கோற்பிரியைச் சுற்றித் தைத்த கூடையைக் கவிழ்த்து அதில் தேனீ வளர்த்தார்கள். மழையில் வைக்கோல் அழுகிவிடும். ஆகவே தோட்டத்தின் கற்சுவரில் நம் வீட்டு விளக்கு மாடம் போல் வரிசையாக மாடங்கள் விட்டுக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு கூடையை வைத்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் இத்தகைய மாடங்கள் இருப்பதைத் தேனீ ஆராய்ச்சிச் சங்கத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். குளொஸ்டர்ஷயரில் ஹார்ட்பரி என்ற ஊரில் கல்லால் நேர்த்தியாகச் செதுக்கிய தேனீக் கொட்டகை ஒன்று இருக்கிறது. 19-ம் நூற்றாண்டில் வேறு ஊரில் கட்டிய அதைக் கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஆனால் அவற்றில் தேனீ இல்லை. கூடைக்கு அளவெடுத்துக் கட்டிய மாடத்தில் சட்டப் பெட்டி நுழையாது. நுழைந்தாலும் மேல்மூடியைத் திறந்து சட்டத்தைத் தூக்க இடம் இராது. கூடை போனதும் மாடமும் வேலையற்றுப் போயிற்று. இன்று அது பார்வையிடும் பொருள்.

வீட்டுக்கு ஏற்ற பெட்டி

ஸ்லோவேனியருக்கும் இதே சிக்கல் வந்தது. மேலே திறக்கும் பெட்டியை அடுக்கிவைக்க முடியாது. கீழ்ப் பெட்டியைத் திறக்க வேண்டுமானால் மேலுள்ள எல்லாவற்றையும் இறக்க வேண்டும். தேனீ வீட்டை இடித்துவிட்டுப் பெட்டிகளைத் தோட்டத்தில் பரப்புவதா, பழைய பெட்டியோடு பின்தங்கிவிடுவதா என்ற நிலை.

பழைய பெட்டிக்கு அன்று நல்ல கிராக்கியும் இருந்தது. கார்னியோலத் தேனீயின் சாதுக் குணம் 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் வெளிநாடுகளுக்கு எட்டியது. மோய்ஸ்த்ரானா ஊரைச் சேர்ந்த மிஹாயல் அம்ப்ரோஷிச் போன்ற வியாபாரிகள் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெட்டியோடு ரயிலில் ஏற்றிப் பல நாடுகளுக்கு அனுப்பினார்கள். தேனீயை விற்பதற்குப் பழைய பெட்டி போதும். தேனை விற்றுப் பிழைக்கவோ சட்டப் பெட்டி வேண்டும்.

வழி கண்டவர் இலிர்ஸ்கா பிஸ்த்ரிட்சாவைச் சேர்ந்த அன்டோன் ஷ்னிதெர்ஷிச். 1874 முதல் 1947 வரை வாழ்ந்தவர். ஜெர்மானியரான அல்பெர்ட்டி என்பவர் பின்புறம் திறக்கும் சட்டப் பெட்டி ஒன்றை அமைத்திருந்தார். 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷ்னிதெர்ஷிச் அதைத் தம் நாட்டுத் தேனீக்கும் வழக்கத்துக்கும் ஏற்பத் திருத்தினார். இருவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து அதை 'ஆ-ஷ பெட்டி' என்கிறார்கள். அடுக்கலாம், வண்டியில் ஏற்றலாம், பின்புறம் நின்றே எல்லா வேலையும் செய்யலாம். ஆகவே தேனீ வீடும் தப்பியது. ஸ்லோவேனியாவில் இன்றும் மிகுதியாகப் புழங்குவது இந்தப் பெட்டிதான்.

வேலை செய்யும் முறை

ஆ-ஷ பெட்டியை ஒரு சிறு அலமாரி என்று எண்ணிக்கொள்ளலாம். கீழ் அறையில் ராணி முட்டையிடும். மேல் அறை தேனுக்கு. இரண்டுக்கும் நடுவில் ராணி மேலே போகாமல் தடுக்கும் சல்லடை உண்டு. ஒவ்வோர் அறையிலும் பத்துச் சட்டங்கள் நிற்கும். சட்டங்கள் தொங்குவதில்லை. குறுக்கே போட்ட இரும்புக் கம்பிகளின் மேல், அலமாரியில் நிற்கும் புத்தகம் போல் நிற்கின்றன.

வளர்ப்பவர் பின்கதவைத் திறந்ததும் தேனீக்கள் மேலே பாயாது. உள்ளே கம்பிவலை அடித்த இன்னொரு கதவு இருக்கிறது. வலை வழியாகவே குடும்பத்தின் நிலையைப் பார்த்துக்கொள்ளலாம். தேவையானால் சிறிது புகை போட்டு, வலைக் கதவையும் எடுத்துவிட்டு, இடுக்கியால் ஒரு சட்டத்தைப் பிடித்து இழுக்க வேண்டும். வெளியே எடுத்த சட்டங்களை வைக்க ஒரு தாங்கி உண்டு. பார்த்து முடித்ததும் வரிசை மாறாமல் உள்ளே தள்ளிவிட வேண்டும்.

தேனைச் சேர்த்த பெட்டியில் மேல் அறையை மட்டும் திறந்தால் போதும். கீழே உள்ள முட்டை, புழுக்களுக்குத் தொந்தரவு இல்லை. எடுத்த சட்டங்களை அதே கூரையின் கீழ் இயந்திரத்தில் சுழற்றித் தேனைப் பிரிக்கலாம். குளிர்காலம் வந்தால் பின்கதவுக்கும் வலைக்கும் இடையே வெப்பம் போகாதபடி திணிப்பு வைக்கிறார்கள்.

குறைகளும் உண்டு

இந்த முறையில் குறையே இல்லை என்று சொல்வதற்கில்லை. அலமாரிப் பெட்டியின் கொள்ளளவு இவ்வளவுதான். தேன் வரத்து மிகும்போது மேலே இன்னோர் அறை, அதன் மேல் இன்னோர் அறை என்று ஏற்றிக்கொண்டே போக முடியாது. கார்னியோலத் தேனீயோ விரைவில் பெருகும், இடம் நெருங்கினால் கூட்டம் பிரியும். ஆகவே பருவத்தில் அடிக்கடி பார்வையிட வேண்டும். சட்டங்களை ஒவ்வொன்றாக இழுக்க நேரமும் ஆகிறது. நூற்றுக்கணக்கான பெட்டி வைத்துத் தேன் வியாபாரம் செய்வோர் மேலே திறக்கும் பெட்டியையே விரும்புகிறார்கள்.

கட்டுமானச் செலவும் உண்டு. நோய் வந்தால் நெருக்கம் பாதகம். வழி தவறும் தேனீக்கள் நோயையும் உண்ணியையும் பெட்டிக்குப் பெட்டி கொண்டுபோகும். ஆகவே முறையான பரிசோதனையும் சுத்தமும் இன்றித் தேனீ வீட்டை நடத்த முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு அது நிலைத்திருக்கக் காரணம் என்ன? பத்து, இருபது குடும்பம் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு அது ஒத்துப்போகிறது. வயல் வேலை முடிந்த மாலையிலும், மழை நாளிலும், ஓய்வுபெற்ற பின்பும் அவர் தேனீயோடு இருக்க முடிகிறது. அதிகத் தேன் தரும் முறை ஒன்று, அதிகம் பேர் செய்யக்கூடிய முறை ஒன்று. ஸ்லோவேனியா இரண்டாவதைக் கைவிடவில்லை. இருநூறு பேருக்கு ஒருவர் தேனீ வளர்ப்பவராக இருப்பது அதன் பலன் எனலாம்.

இன்றைய நிலை

1991-ல் தனி நாடான ஸ்லோவேனியா தன் நாட்டுத் தேனீயைச் சட்டத்தால் பாதுகாக்கிறது. கார்னியோலத் தேனீயைத் தவிர வேறு இனத்தை அங்கு வளர்க்க அனுமதி இல்லை. தேனீ வளர்ப்போர் சங்கத்தின் 'ஸ்லோவென்ஸ்கி செபெலார்' என்ற பத்திரிகை 1898 முதல் வெளிவருகிறது. பள்ளிகளில் தேனீ வளர்ப்புக் குழுக்கள் இயங்குகின்றன. ராதோவ்லிட்சா நகரில் 1959-ல் தொடங்கிய தேனீ வளர்ப்பு அருங்காட்சியகத்தில் பழைய படப் பலகைகளைப் பார்க்கலாம்.

ஸ்லோவேனியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2017 டிசம்பரில் மே 20-ம் தேதியை உலகத் தேனீ தினமாக அறிவித்தது. 2018 முதல் அது கொண்டாடப்படுகிறது. 1734-ல் யான்ஷா ஞானஸ்நானம் பெற்ற நாள் அது. 2022-ல் ஸ்லோவேனியத் தேனீ வளர்ப்பு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது.

இழந்ததும் உண்டு. பழைய பெட்டி வழக்கொழிந்தபோது படப் பலகைகள் கழற்றப்பட்டு அருங்காட்சியகங்களுக்கும் சேகரிப்போர் கைக்கும் போயின. இன்று தேனீ வீடுகளில் காண்பவை பெரும்பாலும் ஒற்றை நிறப் பூச்சுகளே. சுற்றுலாப் பயணிகளுக்காகப் பழைய படங்களின் நகல்கள் எழுதி விற்கப்படுகின்றன.

நமக்கு என்ன பயன்?

இதைப் படித்துவிட்டு நம் தோட்டத்தில் அதே வீட்டைக் கட்டிவிடக் கூடாது. அது பனி பெய்யும் நாட்டுக்கு வெப்பம் காக்கக் கட்டியது. நமக்கு வேண்டியது நிழலும் காற்றோட்டமும். மேலும் இந்தியத் தேனீ சிறு தொந்தரவுக்கும் பெட்டியை விட்டு ஓடிவிடும் இயல்புள்ளது. 1991-92-ல் தென்னிந்தியாவில் பரவிய 'தாய் சாக்புரூட்' என்ற வைரஸ் நோய், இந்தியத் தேனீக் குடும்பங்களில் பெரும்பாலானவற்றை அழித்ததைக் கன்னியாகுமரி மாவட்டத்தார் மறந்திருக்க மாட்டார்கள். பெட்டிகளை நெருக்கி வைப்பது நமக்கு ஏற்றதன்று.

எடுத்துக்கொள்ள வேண்டியவை வேறு. பெட்டிகளுக்கு நீலம், மஞ்சள், வெள்ளை என்று மாற்றி மாற்றி வண்ணம் பூசுங்கள். சிவப்பு வேண்டாம். புது ராணி வரும் காலத்தில் பெட்டிகளை இடம் மாற்றாதீர்கள். வாயிலுக்கு எதிரே நிற்காமல் பக்கத்திலோ பின்னாலோ நின்று வேலை செய்யுங்கள். வாயிலைக் கிழக்கு நோக்கி வைத்து, நண்பகல் வெயில் படாதபடி நிழல் கொடுங்கள். தாங்கியின் கால்களை எறும்பு ஏறாதபடி தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். தோப்பில் ஒரு சிறு கொட்டகை போட்டுக் கருவிகளை அங்கேயே வைத்துக்கொண்டால், பெட்டியைப் பார்க்கும் வேலை நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போகாது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். திருச்சிராப்பள்ளியில் பணிபுரிந்த நியூட்டன் பாதிரியார் 1911 முதல் 1917 வரையிலான ஆண்டுகளில், மேல்நாட்டுப் பெட்டியை அப்படியே திணிக்காமல், நம் சிறிய தேனீக்கு ஏற்றபடி சிறிய பெட்டியை அமைத்தார். அவர் பெயராலேயே அது இன்றும் வழங்குகிறது. ஷ்னிதெர்ஷிச் செய்ததும் அதுவே. வெளியிலிருந்து வரும் கருவியை அப்படியே ஏற்கவும் வேண்டாம், அடியோடு ஒதுக்கவும் வேண்டாம். நம் தேனீக்கும் நம் வேலை முறைக்கும் ஏற்றபடி அதைத் திருத்திக்கொண்டால் பழையதும் பிழைக்கும், புதியதும் வேரூன்றும்.